ஸ்கிரீன் ரீடர் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை

பார்வையற்ற மாணவருக்குத் தமிழ்ப் பாடக்குறிப்பை வேர்டு ஃபைலாகக் கொடுத்தும், திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் உளறுகிறதா? முதலில் எழுத்துருவைச் சந்தேகப்படுங்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்திருந்தால் ஃபைலுக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். பார்க்கிறவருக்குத்தான் அது அம்மா. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் படிப்பது அந்த ஆங்கில எழுத்துகளை. ஒரு வரியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கிலமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துக்குத் தனிக் குறியீடு தரும் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். முழு ஃபைலையும் ஒரேயடியாக மாற்றும் கருவியில் கொட்டினால் இடையிலுள்ள நிஜமான ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். அவற்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

யூனிகோடிலும் வழுக்கும். ‘ஔவையார்’ என்பதில் முதலெழுத்தை ஒ, ள என இரண்டாக அடித்தால் கண் ஏமாந்துபோகும், காது ஏமாறாது: ‘ஒ-ள-வையார்’ என்றே கேட்கும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம், எகரம் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழு, இவை ஓசிஆர் செய்த (ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்த) பக்கங்களில் வழக்கமான வில்லன்கள். ஸ்கேனின் துல்லியம் 300 டிபிஐக்குக் குறைந்தால் இன்னும் மோசம்.

பிடிஎஃப்பில் வேறு தொல்லை. அச்சில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்பதால், பல பிடிஎஃப்களில் உள்ளேயும் அதே வரிசையில் பதிவாகி ‘கொ’ சிதறிவிடும். அதற்கும் நோட்பேடு சோதனைதான். முடிந்தவரை மூல வேர்டு ஃபைலையே கொடுத்துவிடுங்கள்.

தலைப்பைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பாகிவிடாது. ஹெடிங் 1, ஹெடிங் 2 ஸ்டைல் கொடுத்திருந்தால்தான் மாணவர் என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) ஸ்பேஸ் தட்டி, ஒற்றை விசையால் தாவ விடும் பிரவுஸ் மோடுக்குப் போய், ஹெச் விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். இல்லாவிட்டால் நாற்பது பக்கத்தையும் அம்புக்குறியால் உருட்ட வேண்டியதுதான். படத்துக்கான மாற்று உரையில் ‘படம் 3’ என்று எழுதுவது வீண். வரைபடம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று எழுதுங்கள்.

கடைசியில் என்விடிஏ விசையோடு கீழ் அம்பை அழுத்தி முழுவதையும் ஒருமுறை கேளுங்கள். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரல் சில சொற்களைக் கடித்துத் துப்பும். அதற்காக எழுத்துக்கூட்டலில் கை வைக்காதீர்கள். அதே ஃபைலை பிரெய்ல் டிஸ்ப்ளேயில் விரலால் படிக்கும் மாணவருக்கு நீங்கள் மாற்றிய தப்பு எழுத்துதான் போய்ச் சேரும்.