கன்னத்தில் அறையும் துப்பாக்கி

தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி, பன்னிரண்டு போர் (bore, குழல் விட்டத்தின் அளவு). 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அதற்கு வேட்டை முடிந்தது. உரிமம் பேரன் பெயருக்கு மாறி, இப்போது டெல்லி துக்ளகாபாத் கர்ணி சிங் மைதானத்துக்குக் காற்றில் பறக்கவிடும் களிமண் தட்டைச் சுட வருகிறது. தட்டு தப்புகிறது, கன்னம் வீங்குகிறது, 'சனியனை வித்துத் தொலைக்கணும்' என்று புலம்பல். விற்கிறது அப்புறம். முதலில் அளவெடுங்கள், குறை பெரும்பாலும் குழலில் இருக்காது, தோளில் வைக்கும் மரக் கட்டையில்தான்.

இந்த வகைத் துப்பாக்கியில், குறி பார்க்கக் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின்குறி கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. அதை ஒரே இடத்தில் நிறுத்துவது கட்டை மேல் படியும் கன்னம்.

மடித்துத் திறந்து, இரண்டு தோட்டா அறையும் காலியா என்று பார்த்துக்கொண்டு, முன் ட்ரிகரிலிருந்து கட்டையின் பின்முனை நடுவரை அளங்கள். சராசரி உடம்புக்கு 14½ அங்குலம் பக்கத்தில் வரும். குட்டையாக இருந்தால் சுடும்போது கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். நீளமாக இருந்தால் அக்குள் துணியில் மாட்டும். டெல்லிக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் தொல்லை: மே மாதம் கச்சிதமாக உட்கார்ந்தது, ஜனவரியில் ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட் என்று ஏறியதும் தோளுக்கு வராது. கழற்றி மாட்டும் ரப்பர் பேடு போதும். மரத்தை அறுக்க வேண்டாம்.

அடுத்தது காகிதச் சோதனை. நாலடிக் காக்கித் தாள், நடுவில் கறுப்புப் புள்ளி, 16 கஜ தூரம். குறி பார்த்து நிதானமாகச் சுட்டால் சோதனையே வீண். தோளுக்கு ஏற்றியதும் சுட்டுவிட வேண்டும். ஐந்தாறு தோட்டா போதும். தோட்டாவிலிருந்து சிதறும் ரவைக் கூட்டத்தின் நடு, கறுப்புப் புள்ளியிலிருந்து ஓர் அங்குலம் விலகினால், கன்னம் படும் இடத்தில் 1/16 அங்குலம் திருத்தம். நாலு அங்குலம் கீழே போனால் கால் அங்குலம் உயர்த்த வேண்டும்: அட்டைத் துண்டுகளை அடுக்கி, மேலே இன்சுலேஷன் டேப். மேலே போனால் மரத்தைச் சீவணும். சீவியது திரும்பாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் விலகினால் கட்டையை வலப்பக்கம் வளைக்க வேண்டும், அது சூடேற்றிச் செய்யும் மிஸ்திரி வேலை. எண்ணெய் ஊறிய பழைய மரம் விரிசல் விடும். அவரே முதலில் பார்த்துச் சொல்லட்டும்.

இது எல்லாவற்றையும்விட முக்கியம்: குழலின் அடிப்பக்க முத்திரையில் 2½ அங்குலம் அல்லது 65 என்றிருந்தால் 70 மில்லிமீட்டர் தோட்டா போடாதீர்கள். உள்ளே சுலபமாக நுழையும், அதுதான் ஏமாற்று. 70 என்பது சுட்டபின் விரிந்த நீளம். தோட்டாவின் மடிந்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

'குழல் ரொம்ப நீளம், கொஞ்சம் வெட்டிடலாமா' என்று கேட்கிறவர்களும் உண்டு. சோக், அதாவது ரவை சீக்கிரம் சிதறாமல் பிடிக்கும் குறுகல், இருப்பதே வாய்முனையின் கடைசிச் சில அங்குலத்தில். வெட்டினால் ரவை 35 கஜத்துக்குள்ளேயே சிதறும். உரிமமில்லாமல் குழலைக் குறைப்பது ஆயுதச் சட்டம் 6-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட.