கண் விழிக்கும் நேரத்துக்காக ஓர் ஊசி

"முழு மயக்கம்தானே கொடுக்கப்போகிறீர்கள் டாக்டர், பிறகு எதற்கு முதுகில் வேறு ஊசி?" என்று, குழந்தையின் குடலிறக்க அறுவைக்குக் கையெழுத்திட வரும் பெற்றோர் என்னிடம் கேட்பது வழக்கம். அந்த ஊசியின் பெரும்பயன், குழந்தை கண் விழித்த பிறகுதான் தெரியும்.

குழந்தை மயங்கியபின் ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கி, முதுகெலும்பின் அடிப்பகுதியான திருவெலும்பின் கீழ்முனையில் உள்ள சிறு பள்ளத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து மெல்லிய ஊசியைச் செலுத்துவோம். உள்ளிருக்கும் சவ்வை அது கடக்கும் கணம் கைக்கு நன்றாகவே தெரியும். இரத்தமோ தண்டுவட நீரோ வரவில்லை என்று இழுத்துப் பார்த்த பின்பே பூபிவாக்கெயின் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவோம். சுன்னத்து போன்றவற்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மி.லி., குடலிறக்கத்துக்கு 1 மி.லி. என்பது ஆர்மிடேஜ் என்ற மயக்கவியல் மருத்துவர் வகுத்த கணக்கு; மருந்தின் மொத்த அளவு கிலோவுக்கு 2.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. இதனால் மயக்க வாயுவும் மார்ஃபின் வகை மருந்துகளும் குறைவாகவே தேவைப்படுகின்றன. 4 முதல் 6 மணி நேரம் வரை வலி தெரிவதில்லை.

அப்படியிருந்தும் சில குழந்தைகள், குறிப்பாக 2 முதல் 5 வயதுக்குட்பட்டவர்கள், விழித்ததும் அலறுகிறார்கள். கண் திறந்திருக்கும், ஆனால் தாயின் முகத்தைப் பார்க்காது. முதுகை வில்லாக வளைத்து, கையிலிருக்கும் டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கப் பார்க்கும். செவோஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவிலிருந்து விழிக்கும்போது ஏற்படும் இந்தக் குழப்பம், கத்தியே படாத எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பிறகும் வருகிறது என்பதால், இதை வலி என்று மட்டும் கொள்ள முடியாது. வலியால் அழும் குழந்தை அம்மாவை அடையாளம் கண்டு அவளிடம் தாவும். குழப்பத்தில் இருக்கும் குழந்தைக்கு அவளையே தெரியாது. முதுகு ஊசி வலியைப் போக்குவதால் இத்தகைய கலவரம் குறைகிறதே தவிர, முற்றாக நின்றுவிடுவதில்லை. பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் தானே அடங்கிவிடும். திருநீறு பூசச் சொல்லும் பாட்டிமாரை நான் தடுப்பதில்லை, பல நேரங்களில் திருநீறு வந்து சேருமுன்பே பிள்ளை தெளிந்துவிடுகிறது.

வார்டுக்குப் போனபின் சில மணி நேரம் கால்கள் துவண்டிருக்கலாம் என்பதால், தனியே நிற்கவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சிரித்து விளையாடும் பிள்ளைக்கு மருந்து எதற்கு என்று பாராசிட்டமாலைத் தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம். ஊசியின் வேகம் இறங்குவதற்கு முன்பே முதல் வேளை உள்ளே போயிருக்க வேண்டும்.