எத்தனை ஆத்துமான்னு கேக்குற நம்ம சபை ஜனங்களுக்கு

லீவுல ராயபுரம் வந்ததுல இருந்து எந்த சபைக்குப் போனாலும் சரி, கல்மண்டபமோ வியாசர்பாடியோ, ஆராதனை முடிஞ்சு கையில காபி வாங்குறதுக்குள்ள யாராவது ஒருத்தர் பக்கத்துல வந்து கேட்டுடறாங்க, "சிஸ்டர், ஜப்பான்ல இதுவரைக்கும் எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டாங்க?" அன்பாத்தான் கேக்குறாங்க. மாசாமாசம் காணிக்கை அனுப்புறவங்க, கேக்க உரிமையும் இருக்கு. ஆனா நான் நம்பர் சொல்றதில்ல. ஏன்னு விளக்கமா எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல பாரம், அஞ்சு நிமிஷ சாட்சியில இதெல்லாம் சொல்லி முடியாது, அதான் இங்க எழுதுறேன்.

நான் இருக்கிறது சப்போரோ, ஜப்பானுக்கு வடக்கு ஓரம், ஹொக்கைடோ தீவு. வருஷத்துக்கு ஏறக்குறைய 5 மீட்டர் பனி கொட்டுற ஊரு. ஊழியம் காலேஜ் பசங்க மத்தியில. ஊழியம்னு சொன்னதும் இங்க நிறைய பேருக்கு மேடை, மைக், கன்வென்ஷன் பந்தல்தான் கண்ணுல வருது, அங்க அப்படி ஒண்ணும் கிடையாது. அரசு சம்பந்தப்பட்ட எதுவும் மத வேலை செய்யக் கூடாதுன்னு ஜப்பான் அரசியல் சட்டம் 20-வது பிரிவுலயே இருக்கு, அதனால அரசு யூனிவர்சிட்டிக்குள்ள வெளி ஆள் போய் பிரசங்கம் பண்றதுக்கெல்லாம் வழியே இல்ல. மாணவங்களே கூடுவாங்க. நம்ம ஊர் காலேஜ்ல ஈ.யு.ன்னு கிறிஸ்தவ மாணவர் கூட்டம் இருக்குல்ல, அத மாதிரி அங்க கே.ஜி.கே., 1947-ல மாணவர்களே ஆரம்பிச்சது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நாலஞ்சு பேர் கேன்டீன் மூலையில தட்ட வச்சுக்கிட்டே ஒரு அதிகாரம் படிப்பாங்க, கூப்பிட்டா நான் போவேன், கூப்பிடலன்னா வீட்ல உக்காந்து அவங்களுக்காக ஜெபிப்பேன், அவ்வளவுதான்.

இதுல இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கு, நம்ம ஜனங்களுக்கு தெரிய வாய்ப்பு கம்மி. 1995 மார்ச் 20, டோக்கியோ மெட்ரோ ரயில்ல சாரின்ங்குற ஒரு விஷ வாயுவ விட்டு ஜனங்கள கொன்னாங்க. செஞ்சது ஓம் ஷின்ரிக்யோன்னு ஒரு மதக் கூட்டம். அதுல இருந்தவங்க எல்லாம் படிக்காதவங்கன்னு நினைக்காதீங்க, பெரிய யூனிவர்சிட்டியில சயின்ஸ் படிச்சவங்களும் டாக்டருமே இருந்தாங்க. அதுல இருந்து காலேஜ்ல மதம்னு பேச்செடுத்தாலே பெத்தவங்களுக்கு வயித்துல புளிய கரைக்கும். அப்புறம் 2022 ஜூலையில முன்னாள் பிரதமர் அபேவ சுட்டாங்களே, சுட்டவன் சொன்ன காரணமும் ஒரு மதக் கூட்டத்துக்கு அவன் அம்மா காசெல்லாம் குடுத்து குடும்பம் நடுத்தெருவுக்கு வந்ததுதான். இப்போ ஏப்ரல்ல புது பேட்ச் வரும்போது யூனிவர்சிட்டியே எச்சரிக்கை குடுக்குது, பேர் சொல்லாம விளையாட்டு கிளப், சமையல் கிளப்புன்னு கூப்பிடுறவங்ககிட்ட ஜாக்கிரதைன்னு.

அந்த எச்சரிக்கை சரின்னுதான் நான் நினைக்கிறேன், மனசார சொல்றேன். புள்ளைங்கள ஏமாத்தி கூட்டிட்டுப் போறவங்க இருக்கத்தான் செய்றாங்க. அதனால நான் யார்கிட்ட பேசினாலும் முதல் நாளே சொல்லிடுவேன், நான் கிறிஸ்தவ ஊழியக்காரி, இந்தியாவுல ஒரு சபை என்னை அனுப்பியிருக்கு, எங்க வீட்ல வெள்ளிக்கிழமை பைபிள் படிப்போம், விருப்பம் இருந்தா இருங்க, இல்லன்னா சாப்பிட்டுட்டு போங்க, அடுத்த வாரமும் சாப்பாடு உண்டு. சொல்லி முடிச்சதும் சில பேர் மரியாதையா சிரிச்சுட்டு அப்படியே காணாம போயிடுவாங்க. போகட்டும். ஒளிச்சு வச்சு ஒருத்தர நிறுத்துறத விட சொல்லிட்டு ஒருத்தர இழக்குறது கர்த்தருக்கு முன்னாடி சுத்தமான காரியம்.

சாப்பாடுன்னா என்ன, அத்தோதான், பர்மா நூடுல்ஸ். பர்மாவுல இருந்து திரும்பி வந்த ஜனங்க வியாசர்பாடிக்கும் பீச் ஸ்டேஷன் பக்கத்துக்கும் கொண்டு வந்தது, நான் சின்ன வயசுல இருந்து தள்ளுவண்டியில நின்னு சாப்பிட்டது, இப்போ சப்போரோவுல என் சின்ன கிச்சன்ல. நூடுல்ஸுக்கு அங்க பஞ்சமே இல்ல. முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித் தண்ணி, மிளகாத்தூள் கம்மியா, எல்லாத்தையும் கையாலயே பெசஞ்சு குடுத்தா பசங்க கண்ணு விரியும். வாழைத்தண்டு கிடைக்காததுனால சூப்பு மட்டும் கிடையாது. அத்தோ மேல மொறுமொறுன்னு நொறுக்கிப் போடுற பேஜோவுக்கு பதிலா அங்க டெம்புரா மாவு பொரிச்சது பாக்கெட்ல விக்குது, அதையே நொறுக்கிப் போட்டுடுவேன், வித்தியாசமே தெரியாது.

அப்படி அத்தோ சாப்பிட வந்த ஒரு தங்கச்சி, இன்ஜினியரிங் படிக்குது, ராத்திரி ஷிஃப்ட்ல 24 மணி நேரக் கடையில வேலை. வீட்ல யாரும் எந்த மதமும் இல்ல, பைபிள கையில தொட்டதே இல்ல. மாற்கு நாலாம் அதிகாரம் படிச்சுக்கிட்டு இருந்தோம், புயல் அடிக்குது, இயேசு படகோட பின்பக்கம் தலையணை வச்சு தூங்குறார். நம்ம சபையில இந்தப் பகுதிய எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம், எல்லாமே காத்தை அதட்டுறதுலதான் போய் முடியும். அந்தப் பொண்ணு தூங்குறதுலயே நின்னுடுச்சு. "இவ்ளோ அலையில கூட முழிக்காத அளவுக்கு அவர் களைச்சுப் போயிருந்தாரா?"ன்னு கேட்டுச்சு. நான் எங்க அப்பாவ பத்தி சொன்னேன், காசிமேட்டுல போட்டுக்குப் போறவர், கரை சேர்ந்ததும் வலை மேலயே சாஞ்சு தூங்கிடுவார், பக்கத்துல மீன் ஏலம் விடுற கூச்சல் கூட காதுல ஏறாது. அது ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "களைச்சுப் போற கடவுள நான் கேள்விப்பட்டதே இல்ல"ன்னு சொல்லிட்டு தட்ட கழுவ எழுந்து போயிடுச்சு.

இத நான் எந்தக் கணக்குல எழுதுறது? அது கைய தூக்கல, ஜெபம் சொல்லல, ஞானஸ்நானம் எடுக்கல. ஆனா அடுத்த வாரமும் வந்துச்சு, மாற்குவ தானே படிச்சுக்கிட்டு வந்துச்சு. மூணாவது வருஷத்துல அங்க வேலை தேடுற காலம் ஆரம்பிச்சிடும், எல்லாரும் ஒரே மாதிரி கருப்பு கோட் சூட்டுல கம்பெனி கம்பெனியா அலைவாங்க, அப்போ எல்லா கூட்டத்துல இருந்தும் பசங்க கழண்டுடுவாங்க, இதுவும் இப்போ அந்த அலைச்சல்லதான் இருக்கு.

ஜப்பான்ல கிறிஸ்தவங்க நூத்துக்கு ஒருத்தர் அளவுதான். ஆனா சரித்திரம் சின்னது இல்ல. நம்ம முத்துக்குளித்துறை பரதவர் மத்தியில 1542-ல வேலை செஞ்ச அதே சவேரியார்தான் 1549-ல ககோஷிமாவுல இறங்கினார். 1597-ல நாகசாகியில சிலுவையில அறைஞ்ச 26 பேர்ல ஒருத்தர் கொன்சாலோ கார்சியா, மும்பை பக்கத்துல வசாய்ல பிறந்தவர். 1614-ல நாடு முழுக்க தடை போட்டாங்க, தடைப் பலகைய எடுத்தது 1873-ல. இருநூத்தி அம்பது வருஷத்துக்கு மேல ஒளிஞ்சு ஒளிஞ்சு விசுவாசத்த காப்பாத்துன ஜனங்க வாழ்ந்த மண்ணு அது, அங்க போய் நான் மூணு மாச ரிப்போர்ட் போட்டு வேகம் காட்டணும்னா எப்படி?

சப்போரோவோட கதையே எனக்கு பெரிய ஆறுதல். 1876-ல வில்லியம் கிளார்க்னு ஒரு அமெரிக்க ப்ரொஃபசர் அங்க விவசாயக் கல்லூரிக்கு வந்தார், இப்போ அதுதான் ஹொக்கைடோ யூனிவர்சிட்டி. மிஷனரி இல்ல, ஜப்பான் அரசாங்கம் சம்பளம் குடுத்து கூப்பிட்டது. இருந்தது எட்டு மாசம் போல. மாணவங்களோட பைபிள் படிச்சார், 1877 மார்ச்ல அவங்க இயேசுவ விசுவாசிக்கிறோம்னு ஒரு உடன்படிக்கையில கையெழுத்து போட்டாங்க, அடுத்த மாசம் அவர் கிளம்பிட்டார். அவர் போனதுக்கு அப்புறம்தான் ரெண்டாவது பேட்ச் வருது, அதுல உச்சிமுரா கன்சோ, நிட்டோபே இனாசோ. உச்சிமுரா ஜப்பான் கிறிஸ்தவத்துல மறக்க முடியாத ஆள். நிட்டோபே பிற்காலத்துல, ஐ.நா.வுக்கு முன்னாடி இருந்த சர்வதேச சங்கத்துல துணைப் பொதுச்செயலாளர், 1984-ல வந்த 5000 யென் நோட்டுல அவர் படம்தான். இவங்க ரெண்டு பேரும் படிக்க வந்தப்ப அங்க கிளார்க் இல்ல. சீனியர் பசங்கதான் சொன்னது. சீனியர்ஸ் உச்சிமுராவ வற்புறுத்தித்தான் கையெழுத்து வாங்கினாங்கன்றது எனக்கு சங்கடம்தான், நான் அப்படி யாரையும் செய்ய விட மாட்டேன். ஆனா கிளார்க் கப்பல் ஏறும்போது அவர்கிட்ட எத்தனை ஆத்துமான்னு கேட்டிருந்தா, இந்த ரெண்டு பேரும் அந்தக் கணக்குல இருந்திருக்க மாட்டாங்க.

இன்னொரு விஷயம், ஃபோட்டோ. வாட்ஸாப் க்ரூப்ல போட பசங்க ஃபோட்டோ அனுப்புங்கன்னு நிறைய பேர் கேக்குறீங்க. அனுப்ப மாட்டேன், தயவுசெஞ்சு தப்பா எடுத்துக்காதீங்க. என் வீட்ல அத்தோ சாப்பிட்ட புள்ளையோட முகம் ஃபார்வர்ட் ஆகி ஃபார்வர்ட் ஆகி எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. வேலை தேடுற நேரத்துல, வீட்ல சொல்லாத நேரத்துல, அது அவங்களுக்கு எவ்ளோ பெரிய பாதிப்பு. நம்பி வந்தவங்கள காட்டி நமக்கு சாட்சி சேக்குறது வேண்டாம்.

காசிமேட்டுல மீன் விக்கிற ஒரு ஆன்ட்டி மாசம் 200 ரூபா குடுக்குறாங்க, கூடைக்கு அடியில தனியா மடிச்சு வச்சிருப்பாங்க. இந்த வாட்டி பாத்தப்ப அவங்க கேட்டது, "அந்த ராத்திரி வேலைக்குப் போற பொண்ணு நல்லா தூங்குதா, ஏதாவது சாப்டுதா, இன்னா?" நான் போன்ல எப்பவோ சொன்னத ஞாபகம் வச்சு தினமும் ஜெபிச்சிருக்காங்க. எனக்கு அங்கேயே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கேக்கணும்னு தோணுச்சுன்னா இப்படி கேளுங்க, மணிக்கணக்கா பதில் சொல்றேன்.

வியாசர்பாடியில ஒரு தம்பி, டிகிரி ரெண்டாவது வருஷம், நானும் வரணும்க்கா என்ன பண்ணணும்னு கேட்டான். அழைப்ப பத்தி நான் ஒண்ணும் பேசல, முதல்ல ஜப்பானிய மொழி கத்துக்கன்னு சொன்னேன். ஜே.எல்.பி.டி.ன்னு ஜப்பானிய மொழிப் பரீட்சை சென்னையிலயே எழுதலாம், என்5ன்னு அடிமட்ட லெவல்ல ஆரம்பிக்கணும், அடுத்தவன் மனசுல இருக்குறத அவன் பாஷையில கேக்க என்3 தாண்டியாவது போகணும், அதுக்கு வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் உன் காலேஜ் ஈ.யு.வுல கூட இருக்குறவங்களுக்கு உண்மையா இருன்னேன். போன வாரம் ஹிரகனா எழுத்து முழுசும் எழுதி அனுப்பியிருக்கான்.

ஜெபிக்கிறவங்களுக்கு இப்போதைக்கு மூணு குறிப்பு. என் விசா புதுப்பிக்கணும், அனுப்புற மிஷன்ல இருந்து லெட்டர் சீக்கிரம் வரணும். ஏப்ரல்ல புது பேட்ச் வருது, வெள்ளிக்கிழமை கூட்டத்த இனிமே நான் இல்லாம ரெண்டு சீனியர் பொண்ணுங்க தானே நடத்தப் போறாங்க, அவங்களுக்கு ஞானம் வேணும். அந்த தங்கச்சிக்கு ஒரு கம்பெனியில கடைசி ரவுண்டு இன்டர்வியூ இருக்கு.