பவுடர் கோட்டிங் அடித்த புல்லட்டில் எர்த் எங்கே போனது?

பாயிண்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) உள்ள பழைய புல்லட்டுக்கு வயரிங் மாற்றச் சொன்னால், ரெடிமேட் கிட் வாங்கிச் செருகிவிடுவதுதான் பல பட்டறைகளில் வழக்கம். வண்டி ஓடும். ஆனால் ஃபிரேம் பவுடர் கோட்டிங் ஆகி வந்திருந்தால் அதே கிட் காலை வாரிவிடும். (இங்கே பேசுவது 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் வண்டியை, அதாவது பேட்டரி நெகட்டிவ் ஃபிரேமோடு சேர்ந்த வண்டியைப் பற்றி.)

பழைய வயரிங்கில் கரன்ட் திரும்பிப் போகும் பாதை ஃபிரேம்தான். ஹெட்லைட் டூம் (ஹெட்லைட் உட்காரும் கூடு), ஃபோர்க், கிரீஸ் ஊறிய கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்), அப்புறம் ஃபிரேம். கரன்ட் கடத்தாத கோட்டிங் இதில் இரும்பும் இரும்பும் தொடும் இடங்களையெல்லாம் மூடிவிடுகிறது. லைட் மங்கும், இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் கூடவே மினுக்கும். பல்பை மாற்றிப் பயனில்லை. ஆகவே பேட்டரி நெகட்டிவிலிருந்து 2 சதுர மி.மீ. கறுப்பு வயர் ஒன்றைத் தனியாக இழுத்து டூம், டெயில், ரெகுலேட்டர் பாடி, எஞ்சின் நான்குக்கும் கிளை கொடுக்க வேண்டும். எஞ்சினில் லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) உட்காரும் இடத்தை எமரி பேப்பரால் பளபளவென்று தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸலின் தடவினால் போதும்.

மற்ற வயர்களுக்குக் கணக்கு எளிது. 60/55 வாட் எச்4 பல்பு ஹை பீமில் 5 ஆம்பியர் இழுக்கும், 1.5 சதுர மி.மீ. தாராளம். பேட்டரியிலிருந்து ஆம்ப் மீட்டர், சாவி வரை 2.5. மற்றதற்கு 1. நிறத்துக்கு லூகாஸ் (பிரிட்டிஷ் மின்கருவி நிறுவனம்) முறையே நல்லது: பிரவுன் பேட்டரி மெயின், வெள்ளை இக்னிஷன், நீலம்-வெள்ளை ஹை பீம், நீலம்-சிவப்பு லோ பீம், சிவப்பு டெயில். கையில் கிடைத்த நிறத்தையெல்லாம் போட்டு வைத்தால், அடுத்து டூமைத் திறக்கும் மெக்கானிக் நம்மைத் திட்டுவார். திட்டுவதில் நியாயமும் இருக்கும்.

15 ஆம்பியர் ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவை ஒட்டியே இருக்கட்டும். ஆம்ப் மீட்டரின் பின்பக்க நட்டு டூம் தகட்டில் உரசினால், அதற்கு முன்னால் ஃபியூஸ் இல்லாத வண்டி புகைந்துவிடும்.

லக்குகளை ஈயம் வைத்து ஒட்டுவதைவிட, சரியான பிளையரால் கிரிம்ப் செய்வதே (நசுக்கிப் பிடிக்கவைப்பதே) மேல். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும்; புல்லட்டின் அதிர்வில், ஈயம் முடியும் இடத்தில் சரியாக ஒடியும். பழைய வயரில் எதையாவது மிச்சம் வைப்பதானால், பச்சை பூத்த செம்பைப் பளிச்சென்று தெரியும்வரை வெட்டுங்கள். சில நேரம் அரை அடி போய்விடும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே டேப் சுற்ற வேண்டும்.

முதன்முதலில் பேட்டரி கொடுக்கும்போது ஃபியூஸுக்குப் பதில் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை மாட்டுங்கள். சாவி ஆஃபில் அது எரிந்தால் எங்கோ ஷார்ட்; ஆனாலும் 2 ஆம்பியருக்கு மேல் ஓடாது என்பதால் வயர் கருகாது. சாவி போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்போது பல்பு கொஞ்சம் மங்கலாக எரிந்தால் இக்னிஷன் காயிலுக்கான மின்சுற்று சரி.

ஃபியூஸைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, ஹை பீம் எரியும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பல்பின் எர்த்திலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் ஏதோ ஒரு லக் சரியாக உட்காரவில்லை. பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும்.