அரைக் கிலோ பட்டையும் என் இடது முட்டியும்

எனக்கு எடைப் பயிற்சி மாவுக்கட்டுக்குள்ளேயே தொடங்கிவிட்டது. ஐப்பசி மழையில் கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஸ்கூட்டி சறுக்கி இடது முட்டிச் சில்லில் விரிசல். எலும்பு விலகவில்லை, ஆபரேஷன் வேண்டாம் என்று தொடையிலிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல் வரை கட்டுப் போட்டார்கள். வலி கொஞ்சம் அடங்கியதும் டாக்டர், "கட்டோடயே காலை நீட்டித் தூக்கிப் பழகுங்க" என்றார். ஆக, நான் காலில் கட்டித் தூக்கிய முதல் எடை அந்த மாவுக்கட்டுதான். 'வெயிட் கஃப்' என்கிற, கை காலில் சுற்றிக் கட்டும் மணல் பட்டை பிறகுதான் வந்தது.

அப்படித் தூக்கியும், கட்டைப் பிரித்தபோது இடது தொடை வலது தொடையில் முக்கால்வாசி போலத்தான் இருந்தது. இறுக்கிப் பார்த்தால் இறுகவில்லை. முட்டியில் வீக்கமும் வலியும் இருக்கும்வரை தொடையின் முன்தசை முழு பலத்தோடு இறுகாதபடி நரம்பே தடுத்து வைக்கும் என்று மஞ்சக்குப்பத்தில் நான் போன பிசியோ விளக்கினாள். சின்னப் பெண், ஆனால் கறார். "அக்கா, வெயிட் கஃப் எல்லாம் அப்புறம். முதல்ல இந்தத் துண்டை நசுக்குங்க." முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியால் அதைக் கீழே அழுத்தி, ஐந்து எண்ணிவிட்டுத் தளர்த்த வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நாம் சும்மா உட்கார்ந்திருப்பது போல இருக்கும். எனக்கோ வேர்த்துக்கொட்டியது.

அடுத்து வெறுங்காலைத் தூக்குவது. மல்லாந்து படுத்து, நல்ல காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, மற்றதை மடங்காமல் ஓரடி உயரத்துக்குத் தூக்கணும். தூக்கும்போது முட்டி லேசாகத் தொய்ந்தாலும் அவள் அதைக் கணக்கில் சேர்க்கமாட்டாள். "வெறும் காலைத் தூக்க இவ்வளவு பாடா?" என்று அலுத்துக்கொண்டேன். ஒரு மனிதக் கால் உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இருக்கும் என்றாள். அறுபது கிலோ ஆளுக்குப் பத்து கிலோ! அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பட்டை வந்தது. சில்லு உடைந்தவர்கள் இந்த வரிசையை மாற்றவே கூடாது. தொடைத்தசை இழுப்பது அந்தச் சில்லைப் பிடித்துத்தான். கூடாத எலும்பை எடையோடு இழுத்தால் விரிசல் பிளவாகிவிடும்.

வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். பெட்டியில் 1 கிலோ என்று போட்டிருந்தால் சிலவற்றில் அது ஜோடிக்குச் சேர்த்து, ஒரு பட்டை அரைக் கிலோதான். சிலவற்றில் ஒவ்வொன்றும் ஒரு கிலோ. நான் பெட்டியை நம்பாமல் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் "என்னம்மா, ஜவ்வரிசியா?" என்றார். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் பழைய ஜீன்ஸ் துணியில் இரண்டு அறை தைத்து, மணல் நிரப்பி, வெல்க்ரோ வைத்துக்கொள்ளலாம். மணல் நன்றாகக் காய்ந்திருக்கணும். ஈர மணலை நிறுத்துக் கட்டினால் காயக்காய எடை குறையும், துணியும் நாறும். உப்பு பாக்கெட்டைப் பையில் போட்டுப் பாதத்தில் மாட்டுவார்கள் சிலர். அது ஊசலாடி முட்டியைப் பக்கவாட்டில் திருகுவதால் எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் அவள் பட்டையைக் கணுக்காலில் கட்டவே இல்லை. முட்டிக்குச் சற்று மேலே, தொடையில் கட்டினாள். நீட்டிய காலைத் தூக்கும்போது இடுப்புதான் கீல். முட்டி அந்தக் கீலிலிருந்து பாதித் தூரம் என்பதால் அதே அரைக் கிலோ அங்கே பாதி பாரமாகத்தான் இழுக்கும், முட்டியிலும் சுமை விழாது. அங்கே சுலபமானதும் கணுக்காலுக்கு இறக்கினாள். கடையில் கேட்டிருந்தால் குறைந்த எடைப் பட்டை ஒன்றை விற்றிருப்பார்கள். இவள் இருப்பதையே இடம் மாற்றிக் கட்டி வேலையை முடித்துவிட்டாள். இந்த வைத்தியத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எடையைக் கூட்டுவதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். பத்துப் பத்தாக மூன்று சுற்று, முதல் சுற்று பாதி எடையில், அடுத்தது முக்காலில், கடைசிதான் முழு எடையில். பட்டையில் சின்னச் சின்ன மணல் பொட்டலங்களை எடுத்துப் போடும் வசதி இருந்ததால் இது முடிந்தது. இவளாகக் கண்டுபிடித்தது என்று நினைத்திருந்தேன். பிறகு படித்தால், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காயம்பட்டுக் கால் சூம்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இரும்புக் காலணி மாட்டிப் பயிற்சி கொடுத்த தாமஸ் டிலார்ம் என்ற ராணுவ மருத்துவரிடமிருந்து வந்த முறை. அவர் 1945இல் கட்டுரை எழுதும்வரை, மெலிந்த தசைக்குப் பாரம் ஆகாது, லேசான எடையைப் பல தடவை தூக்கினால் போதும் என்பதே வழக்கமாம்.

தூக்குவதைவிட இறக்குவதில்தான் எல்லோரும் ஏமாற்றுகிறோம். தூக்கியதும் தொப்பென்று போட்டுவிட்டால் பாதி வேலை வீண். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணிக்கிட்டே இறக்குங்க. மூச்சை அடக்காதீங்க" என்பாள். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக அடங்காமல் இருக்கும். மாடிப்படி இறங்கும்போது தேவைப்படுவதும் இந்த நிதானம்தான். முட்டி அடிபட்டவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே பயம்.

சில்வர் பீச்சில் கணுக்காலில் பட்டை கட்டிக்கொண்டு வேகமாக நடக்கும் பையன்களைப் பார்த்துவிட்டு, நானும் அப்படி நடக்கலாமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றாள். ஒவ்வொரு அடியிலும் அந்த எடை முட்டியையும் இடுப்பையும் இழுக்கும், நடையே மாறிவிடும். பட்டை படுத்தும் உட்கார்ந்தும் செய்கிற பயிற்சிக்கு மட்டும். மணலில் வெறுங்காலோடு நடப்பதே போதுமான வேலையாம்.

இதற்கிடையில் என் மாமியாருக்கும் ஒரு பட்டை வந்தது. குளியலறையில் விழுந்து மணிக்கட்டு உடைந்து, கட்டுப் பிரித்த பிறகு தோளும் சேர்ந்து இறுகிப்போயிருந்தது. மணிக்கட்டில் பட்டை கட்டினால் மணிக்கட்டுக்குப் பலம் வரும் என்று நாங்கள் எண்ணினோம். அங்கே கட்டும் எடை தோளுக்கும் முழங்கைக்கும்தான் வேலை கொடுக்கும், மணிக்கட்டுக்கு வேண்டுமென்றால் உள்ளங்கையைச் சுற்றிக் கட்டணும், இல்லை தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மேலும் கீழும் மடக்கணும் என்று பிசியோ திருத்தினாள். அத்தைக்குப் பிடிமானம் இன்னும் வரவில்லை. டம்பெல் கொடுத்தால் நழுவிவிடும். அதனால் தோள் பயிற்சிக்கு மணிக்கட்டில் கட்டும் கால் கிலோ பட்டை வசதியாக இருந்தது. "ஆயா, வளையல் மாதிரி நினைச்சுக்கோங்க" என்றதற்கு அத்தை, "தங்கமா இருந்தா இன்னும் நல்லாத் தூக்குவேன்" என்றார்.

அத்தைக்குச் சர்க்கரை உண்டு. அதனால் பட்டையைக் கழற்றியதும் தோலைப் பார்த்துவிடுவேன். சிவந்த தடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அன்று இறுக்கிக் கட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். காலில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம், உரசினாலே தெரியாது. கடலூர் புழுக்கத்தில் வெறும் தோலில் கட்டினால் வேர்க்குரு நிச்சயம். நான் பழைய சாக்ஸ் போட்டு அதன்மேல் கட்டுவேன்.

மறுநாள் காலையில் முட்டி வீங்கியிருந்தால் முந்தைய எடைக்குத் திரும்பிவிட வேண்டும். எனக்கு ஒன்றரைக் கிலோவில் அப்படி ஆனது. ஒரு கிலோவுக்கு இறங்கி, ஆறப்போட்டுத் திரும்ப ஏற்றினேன். இரண்டு கிலோ பட்டை வாங்கவே இல்லை. ஒன்றரையில் முட்டி தொய்யாமல் மூன்று சுற்றும் முடிந்ததும், நான் பாடம் எடுக்கும் பள்ளியில் இரண்டாம் மாடி வகுப்பைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சப்பணமிட்டு உட்காருவது மட்டும் இன்னும் முழுசாக வரவில்லை. அதற்கு எடை உதவாது, மடக்கிப் பழகுவதுதான் வழி என்கிறாள்.