ஈரத்தகட்டில் பெண்முகம்

கொலோடியன் என்ற பிசின்போன்ற திரவத்தைக் கண்ணாடியில் ஊற்றி, ஈரம் காயுமுன் படமெடுப்பது பழைய புகைப்பட முறை. அந்தத் தகட்டில் வேலை செய்பவர்களுக்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரூனின் படங்களில் முதலில் கண்ணில் படுவது பிசகுகள்: விரல்ரேகை, தூசுப்புள்ளி, ஓரத்தில் உரிந்த படலம். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவோடு இங்கிலாந்தின் வைட் தீவில் தொடங்கினார். கோழிக்கூடுதான் ஸ்டூடியோ, நிலக்கரி அறைதான் இருட்டறை. தூசு வராமல் என்ன செய்யும்!

கண்ணாடியைச் சாக்பொடியும் ஆல்கஹாலும் போட்டுத் துடைக்க வேண்டும். பிசுக்கு மிச்சமிருந்தால் கழுவும்போது படலம் அங்கிருந்துதான் உரியும். நடுவில் கொலோடியனை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடவிட்டு, மிச்சத்தைக் கடைசி மூலையில் வடித்துவிட வேண்டும். படலம் லேசாக இறுகியதும், அது வெளிச்சத்தை வாங்குவதற்காக, சில்வர் நைட்ரேட் தொட்டியில் சுமார் 3 நிமிடம். பிறகு ஈரம் காயுமுன் படம்பிடித்து, உருவத்தை வெளிக்கொண்டுவரும் இரும்பு சல்பேட் கரைசலை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். தயங்கினால் தயங்கிய இடத்தில் கோடு விழும். 1866 முதல் கேமரூன் கையாண்ட தகடு 15க்கு 12 அங்குலம். அந்த அளவுக் கண்ணாடியை ஏந்திச் சாய்த்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அவர் படங்களின் மங்கல் வேறு விஷயம். ஃபோகஸ் செய்யும்போது கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததும் நிறுத்திக்கொள்வேன் என்று அவரே எழுதியிருக்கிறார். அக்கால ஸ்டூடியோக்களில் பெண்ணென்றால் முழு உருவம், விரிந்த பாவாடை, பின்னால் ஒரு தூண், தலை அசையாமலிருக்க இரும்புக் கவ்வி. கேமரூன் கிட்டே போனார். முகமே தகட்டை நிறைக்கும் தூரத்தில் கூர்மை நிற்கும் ஆழம் விரற்கடை அளவுதான். வெளிச்சம் விழவேண்டிய நேரமோ நிமிடக்கணக்கு. அத்தனை நேரம் சிரிப்பைப் பிடித்துவைக்க யாராலும் ஆகாது. வரவழைத்த பாவனை கரைந்து, சொந்த முகம் வந்து உட்கார்ந்துவிடும். வாடிக்கையாளரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. கேமரூனுக்கு அமர்ந்தவர்களில் பலர் வீட்டுப் பெண்கள்: பணிப்பெண் மேரி ஹில்லியர், தங்கை மகள் ஜூலியா ஜாக்சன். தலையைத் திருப்பியிருக்கும் ஜூலியாவின் 1867ஆம் ஆண்டுப் படத்தில் கழுத்துத் தசைநார் கயிறுபோல் எழுந்து நிற்கிறது. படத்தை ரீடச் செய்து திருத்துபவர் கை முதலில் போகிற இடம் அதுதான். கேமரூன் விட்டுவைத்தார், படத்தின் பலமே அங்கேதான் இருக்கிறது.

நம் பெண்களை இந்த முறையில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொலோடியன் நீலத்தையும் புறஊதாவையும் மட்டுமே வாங்கும். குங்குமம் கறுப்பாக விழும், மஞ்சள் பூசிய முகம் இருளும், நீலச் சேலை வெளிறும். மாநிறம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கறுத்து வரும். அதைப் பவுடர் போட்டுச் சரிக்கட்டுவது எனக்குப் பிடிக்காத வழி. மஞ்சளைக் கழுவிவிட்டு, திறந்த வானத்தின் வெளிச்சத்தில் உட்காரவைத்து, நேரத்தைக் கூட்டுவதே சரி.

1875இல் கேமரூன் குடும்பம் காப்பித் தோட்டங்களை நம்பி இலங்கைக்குப் போனது. 1877இல் களுத்துறையில் கேமரூன், ஓவியர் மரியான் நார்த்தைக் கம்பளித் துணி போர்த்தி, தலையைத் தென்னங்கீற்று குத்தும்படி நிறுத்திவைத்துப் படமெடுத்தார். வெப்பம் 96 டிகிரி ஃபாரன்ஹீட் என்று நார்த் குறித்திருக்கிறார். செல்சியஸில் அது 35.6. கொலோடியனில் உள்ள ஈதர் கொதிப்பதே 34.6இல்! ஊற்றும்போதே படலம் திட்டுத்திட்டாகக் காயும். ஈதரைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்டி, பாட்டிலை ஐஸில் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் மிஞ்சியவை 30க்கும் குறைவு. அவற்றில் தோட்டத்திலும் ஊரிலும் உழைத்த பெண்களும் இருக்கிறார்கள். நார்த்தின் பெயர் தெரிகிறது, வைட் தீவுப் பணிப்பெண்ணின் பெயரும் தெரிகிறது. இந்தப் பெண்களின் பெயரைக் கேமரூன் எழுதிவைக்கவில்லை.