மகன் எழுத மறுத்த ஒரு வருஷம்: வீட்டிலேயே படிக்க வைக்கப் பாடத்திட்டம் தேடிய அனுபவம்

போன வருஷம் மூன்றாம் வகுப்பு முடித்ததும் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். மகள் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டியவள், அவளைச் சேர்க்கவே இல்லை. இரவு ஒன்பது மணி வரை அழுதுகொண்டே வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளையை அதற்கு மேல் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான் காரணம். இந்த ஒரு வருஷத்தில் எங்கள் பணமும் நேரமும் எங்கே போயின என்று எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்கப் போகிற ஒருவருக்கு ஒரு மாதம் மிச்சமானாலும் எனக்குச் சந்தோஷம்.

முதலில் டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ். "எந்த ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்கன்னு எழுதிக் குடுங்க, இல்லாட்டி தர முடியாது" என்று அலுவலகத்தில் இருந்தவர் சொல்லிவிட்டார். வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம் என்றதும், ஏதோ தப்புச் செய்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். இரண்டு நடை வீணானது. மூன்றாவது முறை, காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதி, தேதி போட்டு, தலைமையாசிரியரிடமே நேராகக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கினேன். நாலு நாளில் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் மகனுடைய இனிஷியல் தப்பு. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, டிசியில் வேறு ஒன்று. மறுபடியும் ஒரு நடை. டிசியை வாங்கிய இடத்திலேயே நின்று பெயர், இனிஷியல், பிறந்த தேதி, எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண்) நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பின்னால் பள்ளியிலோ தேர்விலோ சேரும்போது இந்த ஒரு எழுத்துக்காகத்தான் அலைய வேண்டி வரும்.

பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளையைத் திரும்பச் சேர்க்கவே மாட்டார்கள் என்று உறவில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படித்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. ஆறு வயதுக்கு மேல் பள்ளியில் இல்லாத பிள்ளையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

சரி, பாடத்திட்டத்துக்கு வருகிறேன். பெரிய தப்பு அங்கேதான் நடந்தது.

பயத்தில் இருந்தேன். எல்லாப் பாடமும் நாள்வாரியாகப் பிரித்து ஒரே பெட்டியில் வந்துவிட்டால் நிம்மதி என்று நினைத்து, அமெரிக்கப் பாடத்திட்டம் ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். கணக்கில் டாலர், சென்ட், அங்குலம், பவுண்டு. அறிவியலில் பனிக்காலத்து மரங்கள். திருச்சியில் வளர்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் எந்தப் பாடத்தை எடுத்தாலும் கடைசியில் அது ஓர் எழுத்து வேலையாகவே முடிந்தது: கோடிட்ட இடம், மூன்று வாக்கியம், ஒரு பத்தி. எழுதப் பிடிக்காததால் பள்ளியை விட்டு வந்தவனிடம் அதே சுமையை வண்ணத்தாளில் சுற்றிக் கொடுத்திருந்தேன். மூன்றாவது வாரம் பென்சிலை வைத்துவிட்டு, "அம்மா, இதுவும் ஸ்கூல் மாதிரிதான் இருக்கு" என்றான். பெட்டி பரணுக்குப் போனது.

அடுத்து நம் சமச்சீர்ப் புத்தகங்களையே எடுக்கலாம் என்று முடிவு செய்தோம். நான்காம் வகுப்புக்கு மூன்று பருவப் புத்தகங்களும் சென்னையில் ஒரு கடையில் மொத்தமாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, ஆகஸ்டில் காலை பல்லவன் ரயிலைப் பிடித்துப் போனேன். முதல் பருவம் மட்டும்தான் இருந்தது. அதிலும் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தொகுதி தீர்ந்துவிட்டது. கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் இருக்கும் தொகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு இரவு வீடு திரும்பினேன். கிளம்பும் முன் ஒரு போன் செய்து கேட்டிருக்க வேண்டும். அதைவிட, இந்தப் புத்தகங்கள் எல்லாம் இணையத்தில் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன. மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகங்களும் அப்படித்தான். முதலில் ஒரே ஒரு பாடத்தை அச்செடுத்து ஒரு வாரம் நடத்திப் பாருங்கள். பிள்ளைக்கு ஒத்துவந்தால் அந்தப் பருவத்துக்கு மட்டும் வாங்குங்கள். வருஷம் முழுவதுக்கும் சேர்த்து எதையும் வாங்காதீர்கள்.

இவ்வளவு நடந்தும் எழுத்துப் பிரச்சினை அப்படியே இருந்தது. மழை எப்படிப் பெய்கிறது என்று கேட்டால் பத்து நிமிஷம் விடாமல் பேசுவான். அதையே எழுதச் சொன்னால் இரண்டு வரிக்குள், "கை வலிக்குது". சோம்பேறித்தனம் என்று நான் திட்டிய நாட்கள் உண்டு. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

கண் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. பிறகு ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (எழுதுவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடலையும் பழக்குபவர்) போனோம். அவர் ஒரு மணி நேரம் அவனோடு விளையாடிவிட்டுச் சொன்னார்: வலி உண்மையானதுதான். தோளிலும் விரலிலும் பலம் போதவில்லை, அதை ஈடுகட்டப் பென்சிலை நெரித்துப் பிடிக்கிறான், எழுத்தின் வடிவத்தை நினைவுகூரவே முழுக் கவனமும் போய்விடுகிறது, யோசிக்க மிச்சம் ஒன்றும் இல்லை. வருஷ ஆரம்பத்திலேயே இதைக் கேட்டிருந்தால் அந்த 14,000 ரூபாய் தப்பித்திருக்கும். உங்கள் பிள்ளை நன்றாகப் பேசி, எழுத மட்டும் அடம் பிடித்தால், பாடத்திட்டம் தேடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். எழுத்தில் கற்றல் குறைபாடு இருப்பதாகத் தெரிய வந்தாலும் அதற்கு வழி உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், பிள்ளை சொல்லச் சொல்ல எழுதும் எழுத்தரும் கேட்கலாம். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அதன்பிறகு எழுதும் வேலையையும் படிக்கும் வேலையையும் பிரித்தேன். இந்த வருஷத்தில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான்.

கைக்கான வேலை தனி. சப்பாத்தி மாவு பிசைவது அவன் பொறுப்பு. சுவரில் ஒரு கரும்பலகை அடித்தோம். நின்றுகொண்டு பெரிதாக எழுதும்போது தோள் வேலை செய்கிறது. சுண்டுவிரல் நீளத்துக்கு உடைத்த பலப்பமும் சிலேட்டும் கொடுத்தேன், துண்டு சிறிதாக இருந்தால் பிடி தானாகச் சரியாகிறது. மகளோடு போட்டி போட்டு வாசலில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் இழுக்கிறான். வளைவுக்கு அதைவிட நல்ல பயிற்சி எந்த ஒர்க் புக்கிலும் எனக்குக் கிடைக்கவில்லை. நோட்டில் எழுதுவது ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், டைமர் வைத்து. மணி அடித்ததும், பாதி வார்த்தையாக இருந்தாலும் நிறுத்திவிடுவோம். முதலில் நானே அதை மீறி, "இந்த வரியை மட்டும் முடிச்சுடு கண்ணு" என்றேன். அடுத்த இரண்டு நாள் நோட்டையே எடுக்க மாட்டேன் என்றான்.

யோசிப்பது வாய் வழியாக. இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த கல்வியாளர் சார்லட் மேசன், படித்ததைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். பத்து வயது வரை அதை எழுத்தில் கேட்க அவர் அவசரப்படவில்லை. எங்கள் வீட்டில் அவன் சொல்வான், நான் எழுதுவேன். அதிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை அவன் தேர்ந்தெடுத்துப் பார்த்து எழுதுவான். சொந்த வாக்கியம் என்பதால் சண்டை இல்லை. பிழையை உடனே திருத்துவதை நிறுத்தினேன். ல, ள, ழ குழப்பத்துக்கு வாரம் ஒரு நாள் தனியாக ஒதுக்கினேன்.

கணக்கு எளிதாகப் போனது. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளை வைத்து என் மாமனார் சொல்லிக் கொடுத்தார். கடன் வாங்கிக் கழிப்பது ஒரு வாரத்தில் முடிந்தது.

ஒழுங்குபடுத்துவது பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் தனித்தனியாக எல்லாப் பாடமும் நடத்தப் போய், அக்டோபரில் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. இப்போது தமிழ், ஆங்கிலம், கணக்கு மட்டும் தனித்தனி, காலையிலேயே முடித்துவிடுவோம். அறிவியலும் சமூக அறிவியலும் இருவருக்கும் ஒன்றாக, ஒருநாள் விட்டு ஒருநாள். காவிரியைப் பற்றிப் படித்தால் அவள் வரைவாள், அவன் வரைபடத்தில் அணைகளைக் குறிப்பான். நேர அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டேன், வரிசை மட்டும் இருக்கிறது. ஆறு வாரத்துக்கான தாள்களை முன்கூட்டி எடுத்து ஆறு அட்டைக் கோப்புகளில் வைத்துவிடுவேன். ஏழாவது வாரம் பாடம் கிடையாது, விட்டுப்போனதைப் பார்ப்பதற்கும் மூச்சு விடுவதற்கும். செய்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி, அவர்கள் செய்ததைப் போட்டோ எடுத்து மாதவாரியாகச் சேமியுங்கள். உறவினர் யாராவது "பிள்ளை என்னதான் படிக்குது" என்று கேட்டால் பதில் பேசவே வேண்டாம், காட்டினால் போதும்.

பத்தாம் வகுப்பு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்கிற என்ஐஓஎஸ்ஸில் 14 வயது நிறைந்ததும் சேரலாம், குறைந்தது ஒரு மொழியோடு ஐந்து பாடம், பதிவு ஐந்து வருஷம் செல்லும். இவனுக்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. அதை இப்போது யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வீட்டுக்காரரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

பிப்ரவரியில் ஒருநாள் மாடிக்குப் போனேன். அவன் வைத்த மிளகாய்ச் செடியில் ஓர் அட்டை தொங்கியது. "தண்ணி ஊத்தாதீங்க. நான் ஊத்திட்டேன். வேர் அழுகிடும்." மூன்று வாக்கியம். யாரும் எழுதச் சொல்லவில்லை. தண்ணிக்கு இரண்டு சுழி னி போட்டிருந்தான். நான் எதுவும் சொல்லாமல் கீழே இறங்கி வந்து, வீட்டுக்காரருக்குப் போன் செய்து அழுதேன்.

ஐந்தாம் வகுப்பு முதல் பருவத்தில் இரண்டு பாடங்களை நேற்று அச்செடுத்தேன். பரணில் இருக்கும் அந்தப் பெட்டியை இன்னும் என்ன செய்வது என்று தெரியவில்லை. பின்பக்கம் காலியாக இருக்கும் தாள்களை மகள் படம் வரைய எடுத்துக்கொண்டிருக்கிறாள்.